மார்க்குக்கு வேலி, பணத்துக்கு வாசல்!

"மார்க் வாங்கினவனுக்கு இடம், வாங்காதவனுக்கு இல்லை. இதில் ஏழை என்ன, பணக்காரன் என்ன?" என்று ஒரு நியாயம் பேசுகிறார்கள். சென்டாக் பட்டியல் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் புதுவைக் கடைத்தெருவில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். கனவான்கள் பேசினால் போகட்டும் என்று விடலாம். முதலியார்பேட்டையில், வில்லியனூரில், பாகூரில் நம்மவர் வீட்டுத் திண்ணையிலும் இதே பேச்சு! "நம்ம பிள்ளைக்கு மூளை போதவில்லை, யாரை நொந்து என்ன பயன்?" என்று தகப்பனார் தலையைக் குனிந்துகொள்கிறார்.

தோழர்களே, அவர் எதற்காகத் தலை குனிய வேண்டும்? இந்தக் "கட்-ஆப்" என்ற சங்கதி என்ன என்பதை அவிழ்த்துப் பார்ப்போம்.

மில் கேட்டில் பதிலியாக நின்றவர்களுக்கு இது தெரிந்த கதை. காலைச் சங்கு ஊதுகிறது. கேட்டில் நூறு பேர். அன்றைக்கு நாற்பது பேருக்குத்தான் வேலை. நாற்பதாவது ஆள் உள்ளே நுழைந்ததும் மேஸ்திரி கதவைச் சாத்துகிறார். நாற்பத்தோராவது ஆள் வேலை தெரியாதவனா? அதே தறியை ஓட்டிய கைதானே அவன் கையும்! மறுநாள் அறுபது பேர் வேண்டுமென்றால் அவனே "தகுதி"யுள்ளவன் ஆகிவிடுகிறான். கட்-ஆப்பும் இதே கணக்குத்தான். கடைசி இடத்தைப் பிடித்தவரின் மார்க் எதுவோ, அதற்குப் பெயர் கட்-ஆப். இடம் சுருங்கினால் அது ஏறும். இடம் பெருகினால் இறங்கும். ஆகவே, "உன் பிள்ளை கட்-ஆப்பை எட்டவில்லை" என்றால், சர்க்கார் போதுமான இடம் திறக்கவில்லை என்பதும் அதில் அடக்கம்.

இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. மருத்துவப் படிப்புக்கு ஒரு வேலி அல்ல, இரண்டு வேலிகள். இங்கேதான் சூது இருக்கிறது.

நீட் தேர்வுக்கு மொத்தம் 720 மார்க். சரியான விடைக்கு 4. தவறான விடைக்கு 1 கழிவு. இதில் "தகுதி" பெற, பொதுப் பிரிவினர் 50 பெர்சன்டைல் எடுக்க வேண்டும். ஐம்பது மார்க் என்றோ, நூற்றுக்கு ஐம்பது என்றோ நினைத்துவிடாதீர்கள். தேர்வு எழுதியவர்களை வரிசையில் நிறுத்தினால் பாதிப் பேருக்கு மேலே நிற்க வேண்டும், அவ்வளவே. 2023-ம் ஆண்டில் அந்தப் பாதி எங்கே விழுந்தது தெரியுமா? 137 மார்க்கில்! நூற்றுக்குப் பத்தொன்பது! முப்பத்தைந்து கேள்விகளுக்குச் சரியாக எழுதி, மூன்றைத் தவறாக எழுதி, மிச்சத்தைத் தொடாமல் விட்டால் 137 வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் நூற்றுக்குப் பத்தொன்பது வாங்கினால் வாத்தியார் என்ன சொல்வார்?

அந்த ஆண்டு தேர்வு எழுதியவர்கள் 20 லட்சத்துக்கு மேல். "தகுதி" பெற்றவர்கள் 11 லட்சத்து 45 ஆயிரத்துக்கு மேல். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்களோ அப்போது ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டின. ஓர் இடத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏன் தகுதிச் சீட்டு கொடுக்கிறார்கள்? தாராள மனசா?

அகில இந்திய ஒதுக்கீட்டில், பொதுப் பிரிவில் சர்க்கார் கல்லூரி இடம் கிடைக்க அதே ஆண்டில் 600 மார்க்குக்கு மேல் வேண்டியிருந்தது. இது உயர்ந்த வேலி. கட்டணம் குறைந்த இடங்களைச் சுற்றிப் போட்டது. அந்த 600-க்கும் 137-க்கும் நடுவில் லட்சக்கணக்கான பிள்ளைகள் நிற்கிறார்கள். தனியார் கல்லூரி கூப்பிடுகிறது. பல நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணம் 20 லட்சத்துக்கு மேல். 500 மார்க் எடுத்த விவசாயக் கூலியின் மகள் அதைக் கேட்டதும் திரும்பி வந்துவிடுகிறாள். 400 எடுத்தவன் திரும்புகிறான். 300 எடுத்தவன் திரும்புகிறான். இடம் கீழே கீழே இறங்கி, பணப்பை வைத்திருப்பவன் எங்கே நிற்கிறானோ அங்கே போய் நிற்கிறது. அவனும் தகுதிச் சீட்டு வைத்திருக்க வேண்டுமே, அதற்காகத்தான் அந்தத் தாழ்ந்த வேலி!

நாளைக்கு 500 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 லட்சம் என்பது 4,000 நாள் கூலி. ஒரு நாள் விடாமல், ஒரு வேளை சாப்பிடாமல், ஏறக்குறைய பதினோரு வருஷம் உழைத்தால் ஒரு வருஷக் கட்டணம் கட்டலாம்.

இட ஒதுக்கீட்டால் தரம் கெட்டது என்று கூப்பாடு போடும் மேதாவிகளை ஒரு கேள்வி கேட்க வேண்டும். 2023-ல் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்பட்டோருக்குத் தகுதி மார்க் 107. பொதுப் பிரிவைவிட முப்பது மார்க் குறைவு. அந்த முப்பதுக்கு எத்தனை ஆவேசம்! ஆனால் பணம் உள்ளவனுக்குக் கிடைக்கக்கூடிய தள்ளுபடி 450 மார்க்குக்கு மேல். அதைப் பற்றி இவர்கள் வாயைத் திறந்து பார்த்ததுண்டா?

இன்னும் சந்தேகம் உள்ளவர்கள் மேற்படிப்பில் நடந்ததைப் பார்க்கட்டும். 2023 செப்டம்பரில், முதுநிலை மருத்துவப் படிப்புக்கான தகுதி பெர்சன்டைலை மத்திய சர்க்கார் பூஜ்யமாக்கியது. எழுத்துப் பிழையல்ல, பூஜ்யமேதான். தேர்வு எழுதிய அத்தனை பேரும் தகுதியுள்ளவர்கள்! கழிவு மார்க்கினால் பூஜ்யத்துக்கும் கீழே போனவர்கள் உட்பட! ஏன்? இடங்கள் காலியாகக் கிடந்தனவாம். யாரும் விரும்பாத சில பாடங்களில் காலி இருந்தது உண்மை. கட்டணம் கட்ட முடியாத தனியார் இடங்கள் காலியாகக் கிடந்ததும் உண்மை. அந்த டாக்டர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை, அவர்கள் எம்.பி.பி.எஸ். தேறியவர்கள்தான். கேள்வி வேறு. இடம் நிரம்பவில்லை என்றதும் சர்க்கார் எதைக் குறைத்தது? மார்க்கைக் குறைத்தது. கட்டணத்தைக் குறைக்கவில்லை. "தகுதி, தகுதி" என்று முழங்கியவர்களின் லட்சணம் இது!

"நீட் வந்ததால் தனியார் கல்லூரிகளின் நன்கொடைக் கொள்ளை ஒழிந்ததே, அதை மறுக்க முடியுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனித் தேர்வு நடத்திப் பேரம் பேசிய காலம் நல்ல காலம் என்று நாம் சொல்லவில்லை. அது பகற்கொள்ளை. நீட்டுக்கு முன்னும் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியில் நிரம்பி வழியவில்லை. இதையும் ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் முன்பு மேஜைக்குக் கீழே வாங்கியதை இப்போது மேஜைமேல் ரசீது போட்டு வாங்குகிறார்கள். அதற்கு மேல் ஒரு முத்திரை: "தகுதியுள்ளவர்!"

சரி, அந்த உயர்ந்த வேலியையாவது நம் பிள்ளைகள் தாண்டலாமே என்றால், அதிலும் விலைச்சீட்டு தொங்குகிறது. தமிழ்நாட்டு சர்க்கார் நியமித்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் அறிக்கை கொடுத்தது. 2016-17-ல் மருத்துவ இடம் பெற்றவர்களில், முந்தைய ஆண்டே பள்ளி முடித்து மறுபடி முயன்றவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். 2020-21-ல் அவர்கள் நூற்றுக்கு எழுபத்தொரு பேர்! அதாவது, பள்ளி முடித்து, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ வேறு வேலையின்றிப் பயிற்சி நிலையத்தில் உட்கார்ந்து, லட்சக்கணக்கில் கட்டணம் கட்டி, மறுபடி எழுதுகிறவர்களுக்கே இடம். இங்கே விலைக்கு வாங்கப்படுவது நேரம்!

நேரத்தின் விலை புதுவைத் தொழிலாளிக்குத் தெரியாததல்ல. 1936 ஜூலை 30-ல் பன்னிரண்டு தோழர்கள் பிரெஞ்சு சர்க்காரின் துப்பாக்கிக்கு இரையானார்கள். எட்டு மணி நேர வேலை அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று. அந்த வம்சத்தின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று ஒரு வருஷம் உட்கார்ந்து படிக்க நேரம் ஏது? ஏ.எப்.டி. மில் 2020 ஏப்ரல் 30-ல் மூடப்பட்டது. வேலை போன தகப்பன், பன்னிரண்டாவது முடித்த மகனைப் பார்த்து, "இன்னும் ஒரு வருஷம் படி, நான் இருக்கிறேன்" என்று எந்தத் தைரியத்தில் சொல்வான்? பையன் கடைக்கு வேலைக்குப் போகிறான். கட்-ஆப் அவனைக் கழித்துவிட்டது என்று பட்டியல் சொல்கிறது.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை மறந்துவிடவில்லை நாம். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1,200-க்கு 1,176. பழைய முறைப்படி மருத்துவக் கட்-ஆப் 200-க்கு 196.75. நீட்டில் 86. சுப்ரீம் கோர்ட் வரை போய் வாதாடினார். 2017 செப்டம்பர் 1-ல் அந்தப் பெண்ணை இழந்தோம். பன்னிரண்டு வருஷப் படிப்பை ஒரே ஒரு தேர்வு தள்ளுபடி செய்துவிட்டது. 1953-ல் ராஜகோபாலாச்சாரியார் அரை நாள் படிப்பு, அரை நாள் குலத்தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். மக்கள் எதிர்ப்பில் 1954-ல் அது போயிற்று. அவராவது வெளிப்படையாகச் சொன்னார். இவர்கள் சொல்லாமல் செய்கிறார்கள்.

இப்போது நம் ஊர் சர்க்காருக்கு வருவோம். 2020-ல் தமிழ்நாடு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டுவந்து, அதே ஆண்டு சேர்க்கையும் நடத்தியது. அதே 2020-ல் புதுவை மந்திரிசபையும் 10 சதவீதம் என்று முடிவெடுத்தது. என்ன ஆயிற்று? கோப்பு டில்லிக்குப் போயிற்று. 2023-ல்தான் அனுமதி வந்தது! நாம் யூனியன் பிரதேசமாம். நம் பிள்ளைக்கு நம் ஊரில் இடம் கொடுக்க டில்லியின் கையெழுத்து வேண்டுமாம். இடையில் போன மூன்று வருஷப் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

அந்தப் பத்து சதவீதம் நம் கைக்கு வந்தது. அதைக் காக்க வேண்டும். ஆனால் அது கிடைத்ததோடு கை கட்டி நின்றுவிட முடியாது. புதுவை சர்க்காருக்கென்று உள்ள மருத்துவக் கல்லூரி கதிர்காமத்தில் ஒன்றே ஒன்று. தனியார் கல்லூரிகள் அரை டஜனுக்கும் மேல். அவற்றில் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் இடங்கள் சென்டாக் பட்டியலிலேயே வருவதில்லை. டில்லிக் கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன. நம் ஊர் மண்; நம் ஊர்த் தண்ணீர்; நம் ஊர் நோயாளிகளின் உடம்பை வைத்துப் பாடம்; இடம் மட்டும் காசுள்ள வெளியூரானுக்கு!

இந்த வியாதி மருத்துவத்தோடு நிற்கவில்லை. 2022 முதல் காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழகத்திலும் பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. பள்ளியில் வாங்கிய மார்க்குக்கு அங்கேயும் மதிப்பில்லை. பயிற்சி நிலையக்காரர்களுக்கு இன்னொரு வியாபாரம்.

என்ன கேட்கிறோம்? சர்க்கார் கல்லூரி இடங்களைப் பெருக்கு. நிகர்நிலை உட்பட ஒவ்வொரு தனியார் கல்லூரியிலும் பாதி இடத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொள். அந்தப் பாதிக்குச் சர்க்கார் கல்லூரிக் கட்டணம் மட்டுமே வாங்கச் செய். ஆகாத காரியம் என்று சொல்லிவிட முடியாது. தனியார் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் பாதி இடங்களுக்கு அந்தந்த மாநில சர்க்கார் கல்லூரிக் கட்டணமே இருக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையமே எழுதியிருக்கிறது. அந்தக் காகிதத்தின் தேதி 2022 பிப்ரவரி 3. கல்லூரி முதலாளிகள் உடனே வக்கீல் பிடித்துக் கோர்ட்டுக்கு ஓடினார்கள். புதுவை மந்திரிகள் அந்தக் காகிதத்தோடு எங்கே போனார்கள்? ஓட்டுக் கேட்டுத் தெருவுக்கு வரும்போது தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.