கண்ஜாடை கூடாது, சீட்டு ஜாடை உண்டு!

வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார். "ஒரு வாய் காப்பி சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்" என்று உங்கள் வீட்டுக்காரர் உபசாரம் செய்கிறார். காப்பிப் பொடி டப்பாவோ காலையிலேயே காலி! சமையலறை வாசலில் நின்று நீங்கள் ஒரு பார்வை பார்க்கிறீர்கள். அவ்வளவுதான். "இந்த வெயிலுக்குக் காப்பி என்னத்துக்கு, ஸார்? மோர் சாப்பிடுங்கள்!" என்கிறார் அவர். மானம் பிழைத்தது.

இப்படி வாய் திறக்காமலே பேசிக்கொள்ளத் தெரிந்த தம்பதிகள் பிரிட்ஜ் ஆட்டத்தில் வெளுத்துக் கட்டிவிடுவார்கள் என்றுதானே தோன்றுகிறது? அதுதான் இல்லை. அந்த ஆட்டத்தில் முதல் தடையே இந்தப் பார்வைக்குத்தான். கண்ணைக் காட்டக் கூடாது, கனைக்கக் கூடாது, பெருமூச்சு விடக் கூடாது. பேச ஒரே ஒரு வழிதான் உண்டு. எப்படியும் போட்டாக வேண்டிய சீட்டு இருக்கிறதே, அதுதான் பேசவேண்டும்!

முந்நூற்று நாலு ஆடியிருப்பவர்களுக்குப் பார்ட்னரும் துருப்பும் புதிதல்ல. பிரிட்ஜிலும் நாலு பேர். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு ஜோடி. 52 சீட்டும் நாலு பேருக்கும் பங்காகி, ஆளுக்கு 13. ஏலம் நடக்கும். ஏலம் எடுத்தவருடைய பார்ட்னர் தம் சீட்டுகளை மேஜைமேல் விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அவருக்கு 'டம்மி' என்று பெயர். ஆகவே ஏலம் எடுத்தவருக்குத் தம் கட்சியின் 26 சீட்டும் கண்ணெதிரே தெரியும். எதிர்த்து ஆடுகிற உங்களுக்கோ, உங்கள் பார்ட்னர் கையில் இருப்பது தெரியாது. அந்த இருட்டில் கொளுத்தும் தீக்குச்சிதான் ஜாடை.

ஒரு கையை ஆடிப் பார்ப்போமா? எதிர்க் கட்சியார் நாலு இஸ்பேட் ஏலம் எடுத்திருக்கிறார்கள். அதாவது, இஸ்பேட் துருப்பு. 13 பிடியில் அவர்கள் 10 பிடிக்கவேண்டும். நீங்களும் உங்கள் கணவரும் நாலு பிடித்துவிட்டால் அவர்கள் ஏலம் கவிழ்ந்தது.

உங்கள் கணவர் ஆட்டின் ஏஸை இறக்குகிறார். டம்மியில் ஆட்டின் ராணி, ஜாக்கி, 3 இருக்கின்றன. டம்மியிலிருந்து 3 விழுகிறது. உங்கள் கையில் ஆட்டின் இரண்டே இரண்டு: 9, 2. பிடி எப்படியும் ஏஸுக்குத்தான். எதைப் போட்டால் என்ன என்று தோன்றும். "பெரிய சீட்டை வீணாக்குவானேன்?" என்று சிக்கனக் குணத்தோடு 2ஐப் போட்டீர்களோ, காரியம் கெட்டது! சின்னச் சீட்டுக்கு அர்த்தம், "இந்த இனம் வேண்டாம்" என்பது. பெரிய சீட்டுக்கு அர்த்தம், "இன்னும் வரட்டும்" என்பது. ஆகவே தைரியமாக 9ஐப் போடுங்கள்.

அவர் அதைப் பார்த்து ராஜாவை இறக்குகிறார். இப்போது நீங்கள் 2ஐப் போடுகிறீர்கள். முதலில் பெரியது, பிறகு சின்னது. அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது: உங்களிடம் ஆட்டின் தீர்ந்துவிட்டது; மூன்றாவது ஆட்டின் வந்தால் துருப்பால் வெட்டுவீர்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. அவர் கையில் மிச்சமிருக்கும் ஆட்டின் 7, 5, 4. எதை இறக்கினாலும் நீங்கள் வெட்டத்தான் போகிறீர்கள், பிடி உங்களுடையது. ஆனால் வெட்டிய பிறகு எதை இறக்குவது என்று நீங்கள் திண்டாடுவீர்கள் அல்லவா? டைமனா, கிளாவரா? டம்மியில் இரண்டிலும் ஏஸ் இல்லை, உங்களிடமும் இல்லை. இப்போது அவர் முறை, உங்களுக்குச் செய்தி அனுப்ப. பிரிட்ஜில் டைமன் உசத்தி. கிளாவர் அதற்குக் கீழே. அவர் 7ஐ இறக்கினால் "டைமன் கொண்டு வா" என்று அர்த்தம். 4ஐ இறக்கினால் "கிளாவர்" என்று அர்த்தம். அவரிடம் கிளாவர் ஏஸ் இருக்கிறது, 4ஐ இறக்குகிறார். நீங்கள் வெட்டிவிட்டுக் கிளாவரை நீட்டுகிறீர்கள். அவர் ஏஸால் பிடிக்கிறார். நாலு பிடியும் ஆயிற்று!

அந்த நாலைக் கவனியாமல் டைமனை நீட்டியிருந்தால்? ஏலம் எடுத்தவர் தம் டைமன் ஏஸால் பிடித்து, துருப்புகளை எல்லாம் வாங்கிவிட்டு, டம்மியின் டைமன் ராஜா, ராணி, ஜாக்கிமேல் தம் கிளாவர்களைக் கழித்துத் தீர்த்திருப்பார். உங்கள் கணவர் கையில் கிளாவர் ஏஸ் கடைசிவரை உட்கார்ந்து கொட்டாவி விட்டிருக்கும்!

இந்த இரண்டாவது ஜாடையை 1934ல் எழுதிப் பிரபலப்படுத்தியவர் ஹை லாவின்தால் என்ற அமெரிக்கர். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. மூன்றாவதாக ஒரு ஜாடையும் உண்டு. அது எண்ணிக்கை ஜாடை. ஓர் இனத்தில் இரட்டைப்படையாகச் சீட்டு இருந்தால் பெரியது முதலில், சின்னது பிறகு. ஒற்றைப்படையானால் சின்னது முதலில். டம்மியில் நீளமான ஓர் இனத்தை வைத்துக்கொண்டு எதிரி மிரட்டும்போது, உங்கள் ஏஸை எத்தனை சுற்று அடக்கி வைப்பது என்று இந்தக் கணக்குத்தான் சொல்லும்.

"இதெல்லாம் ரகசிய சங்கேதம் ஆகாதோ?" என்று கேட்பீர்கள். ஆகாது. சங்கேதம் உண்டு, ரகசியம்தான் கிடையாது! உங்கள் ஜாடைக்கு என்ன அர்த்தம் என்று எதிரி கேட்டால் உள்ளபடி சொல்லியாகவேண்டும். எல்லாரும் பார்க்க மேஜைமேல் விழும் சீட்டுத்தான் சாட்சி. அதைத் தாண்டி ஒரு விரல் அசைந்தாலும் வம்புதான்.

1965ல் போனஸ் ஏரிஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில், இங்கிலாந்தின் பெயர்பெற்ற ஆட்டக்காரர்களான டெரன்ஸ் ரீஸும் போரிஸ் ஷாபிரோவும் சீட்டைப் பிடிக்கும் விரல்களாலேயே ஆட்டின் எண்ணிக்கையைத் தெரிவித்துக்கொண்டார்கள் என்று புகார் எழுந்தது. உலக பிரிட்ஜ் சம்மேளனம் குற்றவாளிகள் என்றது. லண்டனில் நடந்த தனி விசாரணையோ, 1966ல், குற்றம் நிரூபணமாகவில்லை என்றது. பத்து வருஷம் கழித்து, 1975ல் பெர்முடாவில் நடந்த போட்டியில், ஜோடிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி மேஜைக்குக் குறுக்கே திரை கட்டினார்கள். திரை முகத்தைத்தான் மறைத்தது. மேஜைக்கு அடியில் கால் பேசுகிறது என்று அங்கேயும் புகார்! பிறகு அடியிலும் தடுப்பு வைக்கவேண்டி வந்தது.

நம் வீட்டு ஆட்டத்துக்குத் திரை வேண்டாம். ஆனால் திரை செய்யும் வேலையை மனசு செய்யவேண்டும். உங்கள் கணவர் ஒரு சீட்டைப் போடுமுன் நெடுநேரம் தயங்குகிறார். அவருடைய சங்கடம் உங்களுக்குப் புரிந்துவிடுகிறது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவருக்குப் புரியாமல் இருக்குமா? ஆனாலும் அந்தத் தயக்கத்தைக் கொண்டு லாபம் தேடக் கூடாது என்பது சட்டம். அவர் சீட்டு என்ன சொல்லிற்றோ அதை மட்டுமே கேட்டு ஆடவேண்டும். ஆட்டத்தில் மிகக் கடினமான பாடம் இதுதான். தெரிந்த ஒன்றை விட்டுக்கொடுத்துத் தோற்பதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும்!

இன்னும் ஒன்று. ஜாடை உத்தரவல்ல, செய்தி. நீங்கள் 9ஐப் போட்டும் அவர் ராஜாவை இறக்கவில்லையென்றால், உங்களுக்குத் தெரியாத காரணம் ஏதாவது அவர் கையில் இருக்கலாம். ஆட்டம் முடிந்த பிறகு கேளுங்கள்; விருந்தாளி எதிரில் வேண்டாம்.

இதற்கு வயசும் தடையில்லை. 2018ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதல் தடவையாக இடம்பெற்றது. ஆண்கள் ஜோடி ஆட்டத்தில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பிரணாப் பர்தனுக்கு அப்போது 60 வயசு. அவர் ஜோடி சிவநாத் சர்க்காருக்கு 56.

ஒரு சீட்டுக் கட்டை எடுத்து, நான் சொன்ன கையை இன்று சாயங்காலம் மேஜைமேல் பரப்பிப் பாருங்கள். உங்கள் 9 அவர் கண்ணில் படுகிறதா, அவருடைய 4 உங்கள் கண்ணில் படுகிறதா, பார்க்கலாம். காப்பிப் பொடி விஷயத்துக்கு மட்டும் பழைய கண்ஜாடையே இருக்கட்டும்!