எலும்பு வசூலுக்குக் காத்திருக்காது

சங்கத்து அன்பர்கள் சிலர் ஞாயிறுதோறும் போய்வரும் பிராணிகள் காப்பகத்துக்கு உதவுவது பற்றிச் சென்ற செயற்குழுவில் பேச்சு எழுந்தது. "எந்த நாய்க்கு ஆபரேஷன் தேவையோ அதன் போட்டோவைக் காட்டி வசூலித்தால் போதுமே" என்றார் ஒரு நண்பர். அது கூடாது என்பது என் கட்சி.

ரயில்வேயில் பழுதான பெட்டிக்கு 'சிக்' லேபிள் ஒட்டி, சிக் லைனில் தள்ளுவோம். பெட்டி ஓடாமல் நிற்பது ஒரு நஷ்டம். அது அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் அடுத்த பழுதுப் பெட்டியை ஏற்ற முடியாது என்பது அதைவிடப் பெரிய நஷ்டம். காப்பகக் கூண்டும் அப்படித்தான். கால் முறிந்த நாயை யாரும் தத்தெடுப்பதில்லை. அது கிடக்கும் நாளெல்லாம், வாசலுக்கு வரும் இன்னொன்றை இடமில்லை என்று திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது.

போட்டோ வசூலின் லட்சணத்தைக் கேளுங்கள். வெள்ளைக் குட்டி ஒன்றுக்கு இரண்டே நாளில் தேவைக்கு மேல் பணம் வந்தது. அதே வாரம் ஆட்டோ மோதித் தொடை எலும்பு முறிந்து வந்தது ஒரு கறுப்பு நாய், வயதானது. மூன்று வாரமாகியும் அதற்குப் பாதிகூடச் சேரவில்லை. மிஞ்சியதை இதற்கு மாற்றலாமே என்றால், கொடுத்தவர்களைக் கேட்காமல் முடியாது என்றார் கணக்குப் பார்ப்பவர். அவர் சொன்னதும் நியாயம்தான். அதற்குள் தசை இழுத்து, முறிந்த முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோணலாகக் கூடத் தொடங்கிவிட்டன. முதல் வாரத்தில் கம்பி செருகி முடித்திருக்கக்கூடிய வேலை, கடைசியில் காலையே எடுப்பதில் முடிந்தது.

மூன்று காலில் நாய் நன்றாகவே ஓடும். அதன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்கால்களில்தான் இறங்குகிறது. எங்கள் பாஷையில் சொன்னால், பின் ஆக்ஸிலில் லோடு குறைவு. ஆனால் தத்தெடுக்க வருகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். கறுப்பு நாய் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ரயில்வே டிப்போக்களில் 'இம்ப்ரெஸ்ட்' என்று ஒரு தொகை இருக்கும். அவசரத்துக்கு எடுத்துச் செலவழித்து, பில்லைக் காட்டி மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். காப்பகத்துக்கு வேண்டியது அதுதான். யாருக்குச் செலவழிப்பது என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும். ஆபரேஷன் வேண்டாம் என்று அவர் சொன்னால் அதற்கும் கட்டுப்பட வேண்டும். தெருநாய்களின் பிறப்புறுப்பில் வரும் கட்டிக்குப் பெரும்பாலும் கத்தியே தேவையில்லை. வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி வீதம் சில வாரங்கள் போட்டால் கரைந்துவிடும். அந்தப் போட்டோவை யாரிடம் நீட்டி வசூலிப்பது? பில் நகல்கள் மாதாமாதம் காப்பக வாசல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். தத்தெடுப்பவரிடம் ஆபரேஷன் செலவைக் கேட்கக் கூடாது.

மனுஷனுக்கே காசில்லை, நாய்க்கு என்ன ஆபரேஷன் என்பவர்களுக்கு: சங்கத்தின் மருத்துவ உதவி நிதியிலிருந்து ஒரு பைசா எடுக்கச் சொல்லவில்லை. மும்பைக்கு இது புதிதும் அல்ல. பரேலில் உள்ள பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் பிராணிகள் ஆஸ்பத்திரி 1883-இல் தர்மப் பணத்தில் எழுந்தது. 1960-இல் வந்த பிராணிவதைத் தடுப்புச் சட்டத்துக்கு ராஜ்யசபையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து வித்திட்டவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல்.

ஆளுக்கு மாதம் 200 ரூபாய், 60 பேர் என்றால் 12,000. தொடை எலும்புக்குக் கம்பி வைத்ததற்குக் காப்பகம் கடைசியாகக் கட்டிய பில் 11,500. மாதத்துக்கு ஒரு கால் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

பென்ஷன்காரர்கள் ஒன்றைக் கவனிக்கவும். புதிய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்த நன்கொடைக்குக் கழிவு கிடைக்காது. பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. பெயர் கொடுப்பவர்கள் பொதுக்குழுவுக்கு முன் பொருளாளரிடம் கொடுக்கலாம்; என் பெயரை எழுதிக்கொண்டுவிட்டார்.