சிவப்பு மார்பு, வெள்ளைப் பொட்டு

"மாமா, இது என்ன எறும்பு?" என்று செல்போனை நீட்டினான் எங்கள் தெருப் பையன். திருவானைக்காவலிலிருந்து கொள்ளிடக் கரைக்கு இறங்கும் மண் பாதையில் எடுத்த படம். தலை கறுப்பு. மார்பு செங்கல் சிவப்பு. வயிறு கரிக்கறுப்பு, அதன்மேல் சுண்ணாம்பு வைத்ததுபோல் வெள்ளைப் பொட்டுகள். உடம்பெல்லாம் குறுமயிர்.

"எறும்பே இல்லைடா, குளவி" என்றேன்.

"அப்போ றெக்கை எங்கே?"

நியாயமான கேள்வி. படத்தில் இருந்தது பெண். இந்தக் குடும்பத்தில் பெண்ணுக்கு இறக்கை கிடையாது, ஆணுக்குத்தான் உண்டு. வெல்வெட் எறும்பு என்று அழைத்தாலும் இது மியூட்டில்லிடே என்ற குளவிக் குடும்பம். உலகெங்கும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட இனங்களுக்கு இதுவரை பெயர் வைத்திருக்கிறார்கள். மரபணுவைக் கொண்டு வரைந்த உறவுமுறைப்படி பார்த்தால், எறும்புக்கு நெருங்கிய சொந்தம் தேனீதான். வெல்வெட் எறும்போ சிலந்தியை வேட்டையாடும் குளவிகளின் பக்கம் நிற்கிறது.

பெரிதாக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். எறும்பின் உணர்கொம்பு முழங்கை மாதிரி ஓர் இடத்தில் சட்டென்று மடங்கியிருக்கும். இதற்கு அந்த மடக்கு இல்லை, கணுக்கணுவாக ஒரே வளைவில் போகும். எறும்பின் இடுப்பில் ஒன்றிரண்டு முடிச்சுகள் துருத்தி நிற்கும், இதில் அப்படிப்பட்ட முடிச்சு இல்லை. மார்பைப் பாருங்கள்: எறும்புக்குத் துண்டு துண்டாகக் கோடு தெரியும், இதன் மார்பு மேல்பக்கம் ஒரே பெட்டியாக இறுகிப்போயிருக்கும்.

நம் ஊரில் இதை மயக்கும் நிஜ எறும்பும் ஒன்று உண்டு. மரத்தில் ஏறி இறங்கும், ஒல்லியான, கறுப்புத் தலையும் சிவப்பு மார்பும் கறுப்பு வயிறும் கொண்ட டெட்ராபொனேரா ரூஃபோநைக்ரா. கடித்தால், சரியாகச் சொன்னால் கொட்டினால், கை கடுகடுவென்று வலிக்கும். மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1851இல் இதை விவரித்தார். இதன் வயிற்றில் வெள்ளைப் பொட்டு இருக்காது, உடம்பும் வழவழவென்று இருக்கும்.

இன்னொரு மயக்கத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். முதல் மழைக்குப் பிறகு மண்ணிலிருந்து வெளிவரும் சிவப்பு வெல்வெட் பூச்சியைக் குழந்தைகள் உள்ளங்கையில் விட்டு விளையாடுவார்கள். சங்கப் பாட்டுகள் மூதாய் என்று சொல்வதும் அதைத்தான். அதற்கு எட்டுக் கால், ஒரே சிவப்பு, ஒன்றும் செய்யாது. ஆறு கால், கறுப்பும் சிவப்பும் கலந்த உடம்பு, விறுவிறுவென்ற ஓட்டம், இந்த மூன்றும் சேர்ந்தால் குழந்தையின் கையை இழுத்துவிடுங்கள். தானாக வந்து தாக்கும் சுபாவம் இதற்கு இல்லை. பிடித்தால்தான் கொட்டும், பெண் மட்டுமே கொட்டும். பூச்சிக் கொட்டுகளின் வலிக்கு 1 முதல் 4 வரை அளவுகோல் வகுத்த அமெரிக்க ஆய்வாளர் ஜஸ்டின் ஷ்மிட், அந்நாட்டு வெல்வெட் எறும்பு ஒன்றுக்கு 3 போட்டார். 1977இல் அவரும் சக ஆய்வாளர் பிளம்மும் சோதித்தபோது அதே இனத்தை நசுக்கத் தேனீயை நசுக்குவதைப்போல் 11 மடங்கு விசை வேண்டியிருந்தது. மிதித்தாலும் மணலில் புதைந்து எழுந்து ஓடுவது அதனால்தான். பிடிபட்டால் வயிற்றுத் தகடுகளை உரசிக் கீச்சென்று குரல் கொடுக்கும், காதருகே வைத்தால் நன்றாகக் கேட்கும்.

இவ்வளவு கவசம் எதற்கு? மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் தேனீக்களின், குளவிகளின் கூட்டுக்குள் இது தனியாக நுழைய வேண்டும். உள்ளே வளர்ந்து முடிந்த புழுவையோ கூட்டுப்புழுவையோ தேடி அதன்மேல் ஒரு முட்டை இடும். பொரித்து வரும் புழுவுக்கு அதுவே முழுச் சாப்பாடு. பெரிய புழு கிடைத்தால் பெரிய குளவி, சிறிய புழு என்றால் சிறிய குளவி. ஆகவே இந்தப் பூச்சியை அளவை வைத்து இனம் பிரிக்க முடியாது.

நிறத்தை வைத்தும் முடியாது. சிவப்பு மார்பு, கறுப்பு வயிறு, வெள்ளைப் பொட்டு என்ற உடுப்பை நம் நாட்டில் பல பேரினங்கள் ஒன்றுபோல் போட்டுக்கொண்டிருக்கின்றன. கொட்டுகிறவை எல்லாம் ஒரே எச்சரிக்கை நிறத்தில் இருந்தால், ஓணானும் பறவையும் ஒருமுறை பட்ட பாட்டில் எல்லாவற்றையும் விட்டுவிடும். சிலந்தி பூசை செய்த தலம் எங்கள் ஊர், அதனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கோனோப்டிகஸ் என்றொரு சிலந்தியும் இந்தக் குளவியின் சாயலைப் போட்டுக்கொண்டு தென்னிந்தியத் தரையில் ஓடித் திரிகிறது.

பையனுக்கு நான் சொல்ல முடிந்தது, குடும்பம் இது, பெண் இது என்பதோடு சரி. ட்ரோகாஸ்பிடியா, ராடோஸ்கோவ்ஸ்கியஸ், ஸ்மிக்ரோமிர்மே என்று பேரினப் பெயர்களை அடுக்கலாம். எது என்று தீர்மானிக்கக் கண்ணின் வடிவம், வயிற்றின் பக்கவாட்டில் ஓடும் மயிர்க்கோடு, கடைசித் தகட்டின் மேலுள்ள வரிகள் இவற்றை உருப்பெருக்கியில் பார்த்தாக வேண்டும். செல்போன் செயலி ஒரு நொடியில் இரண்டு சொல் பெயரைக் கொடுத்துவிடும். நிறத்தைப் பார்த்துக் கொடுத்த பெயரை நான் ஏற்க மாட்டேன்.

வகைப்பாட்டில் இதைவிடப் பெரிய சிக்கல் ஆண்தான். இறக்கை, மெலிந்த உடம்பு, பெரும்பாலும் வேறு நிறம் என்று ஆண் முற்றிலும் வேறு பிராணியாகத் தெரியும். பெண்ணை ஒருவர் ஒரு காலத்தில் பிடித்துப் பெயர் வைக்கிறார், ஆணை இன்னொருவர் இன்னொரு ஊரில் பிடித்து வேறு பெயர் வைக்கிறார். லின்னேயஸ் 1758இல் மியூட்டில்லா என்று ஆரம்பித்து வைத்தது முதல் இந்தக் குழப்பம் தொடர்கிறது. அவருடைய மாணவர் ஃபாப்ரிஷியஸ், காவிரி கடலில் சேரும் பக்கத்துத் தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பூச்சிகள் பலவற்றுக்குப் பெயர் சூட்டினார். நம் கட்டெறும்புக்கு 1787இல் பெயர் வைத்தவரும் அவரே. 1897இல் பிரிட்டிஷ் இந்தியாவின் குளவிகள், தேனீக்களுக்குப் பெருநூல் எழுதிய பிங்ஹாம், இந்த இனங்களில் பெரும்பாலானவற்றை மியூட்டில்லா என்ற ஒரே பேரினத்துக்குள் அடைத்தார். பின்னால் வந்தவர்கள் அதைப் பிரித்துப் பிரித்து அடுக்கினார்கள். விளாடிவோஸ்டாக்கைச் சேர்ந்த அர்காடி லெலெய் 2005இல் கீழைநாட்டு வெல்வெட் எறும்புகளுக்கெல்லாம் பட்டியல் போட்டார். இலங்கையில் குளவிகளைத் தேடி அலைந்த கார்ல் குரோம்பைனின் பெயரில் ஒரு பேரினத்தையும் நிறுவினார். இன்றைக்கு நம் நாட்டில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கோழிக்கோடு மையத்தில் இந்த வேலை நடக்கிறது.

திருச்சிக்கு இதில் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். புனித வளனார் கல்லூரியில் 1967இல் ராபினட் தாவரத் தொகுப்பகத்தை நிறுவிய பாதிரியார் கே.எம். மேத்யூ, தமிழகச் சமவெளித் தாவரங்களுக்கு அரிச்சுவடியே எழுதித் தந்தார். ஸ்ரீரங்கத்துக்கு அருகே மேலூரில் 2015இல் பட்டாம்பூச்சிப் பூங்கா வந்தது, சந்தோஷம். தரையில் ஓடும் குளவிக்கு ஊருக்குள் ஓர் அலமாரிகூட இல்லை. கொள்ளிடத்தில் மணல் அள்ளுவதைப் பற்றிப் பேசும்போது நிலத்தடி நீரைச் சொல்கிறோம், பாலத்துத் தூணைச் சொல்கிறோம், இரண்டும் சொல்ல வேண்டியவைதான். அந்த மணலுக்குள் வளை எடுத்திருக்கும் தேனீயையும் அதை நம்பி அலையும் இந்தப் பூச்சியையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இன்னதென்று பெயர் தெரியாத ஒன்று அழிந்தால், அழிந்ததாகப் பதிவுகூட இருக்காது.

பையனிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை பார்க்கும்போது மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், தலையை நெருங்கி ஒரு படம், பக்கத்தில் அளவுக்கு ஓர் ஒரு ரூபாய் நாணயம், கூடவே தேதியும் இடமும். வெறும் கையால் தொடவே கூடாது. தரையை ஒட்டித் தாழப் பறக்கும் கறுப்புக் குளவி ஒன்று பெண்ணின் மேல் வந்து உட்கார்ந்தால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை எடுக்க வேண்டும். பெண் விடும் வாசனையைப் பிடித்துக்கொண்டு வரும் ஆண் அது. சில பேரினங்களில் ஆண் பெண்ணைத் தூக்கிக்கொண்டே பறந்துவிடும், எனவே கை நடுங்காமல் வீடியோ எடுப்பது நல்லது. அப்படி ஒரு ஜோடி படத்தில் சிக்கினால், இரண்டு பெயரில் தனித்தனியாகக் கிடக்கும் ஓர் இனம் ஒன்றாகச் சேரவும் வழி பிறக்கலாம். "ஆண் எந்த நேரத்துக்கு வரும் மாமா?" என்றான். "வெயில் ஏறின பிறகு போய்ப் பார், பத்து மணிக்கு மேல்" என்று சொல்லியிருக்கிறேன்.