வாரம் மூன்று நாள் மாத்திரை

எச்.ஐ.வி. உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு சக்தியைப் பற்றி இத்தனை வருடம் ஆராய்ச்சி செய்து என்ன கண்டுவிட்டார்கள் என்று நம் வயதுக்காரர்கள் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். காலை நடையின்போது இதே கேள்வியை என்னிடமும் ஒருவர் கேட்டார். கேட்ட தொனியில் இன்னொன்றும் இருந்தது: "அவங்களுக்குப் போய் எதுக்கு சார் இவ்வளவு செலவு?" அந்தத் தொனிக்குப் பிறகு வருகிறேன். முதலில் கேள்விக்குப் பதில். நிறையவே கண்டார்கள். கண்டது வருடக்கணக்கில் மேஜை டிராயரில் கிடந்தது என்பதுதான் என் ஆத்திரம். அதற்கு நம் சென்னையே சாட்சி.

கதை காசநோயில் தொடங்குகிறது. காசநோய்க் கிருமி நம்மில் பலருடைய உடம்பில் சத்தமில்லாமல் படுத்திருக்கிறது. வெள்ளையணுக்கள் அதைச் சுற்றி வளைத்துக் கோட்டை கட்டி உள்ளே பூட்டி வைக்கின்றன. அந்த வேலைக்கு மேஸ்திரி சி.டி.4 என்ற அணுக்கள். எச்.ஐ.வி. கிருமி குறிபார்த்து அழிப்பது இந்த மேஸ்திரியைத்தான். கிருமி உள்ளே இருக்கும் சாதாரண ஆளுக்குக் காசநோய் கிளம்பும் வாய்ப்பு ஆயுள் முழுவதுக்கும் சேர்த்து நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து. எச்.ஐ.வி. உள்ளவருக்கு, சிகிச்சை இல்லாவிட்டால், ஏறக்குறைய அந்த அளவு ஆபத்து ஒவ்வொரு வருடமும் இருக்கிறது. அதோடு போகவில்லை. நுரையீரலில் குழி விழவே எதிர்ப்பு சக்தி வேண்டும். அது இல்லாதவருக்குக் குழி விழாது, சளியில் கிருமி தென்படாது, எக்ஸ்ரேயும் சில சமயம் சுத்தமாக இருக்கும். ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே போவார்.

இதையெல்லாம் எலியை வைத்து மட்டும் கண்டுபிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் நின்று கை நீட்டி ரத்தம் கொடுத்த மனிதர்களை வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். 1959-இல் அது உலகத்துக்கே ஒரு செய்தி சொன்னது: காசநோயாளியை சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைக்க வேண்டாம், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும். நம் தலைமுறைக்கு சானடோரியம் என்ற சொல்லே ஒரு பயம்; அந்தப் பயத்தை உடைத்த ஊர் இது. 1964-இல் இன்னொன்றும் சொன்னார்கள். தினமும் மருந்து கொடுக்காமல், வாரத்துக்கு இரண்டு முறை கண்ணெதிரே கொடுத்தாலும் பலன் கிடைக்கிறது என்றார்கள். ஏழை நாட்டுக்கு அது வரப்பிரசாதம். அந்த வழியில்தான் பின்னாளில் நம் தேசியத் திட்டம் வாரம் மூன்று நாள் மாத்திரை என்று வைத்தது. ஊழியர் முன்னால் விழுங்க வேண்டும். 'டாட்ஸ்' என்ற பெயர் உங்களுக்கு நினைவிருக்கும்.

1964-இல் அந்த முடிவைச் சொன்னவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எச்.ஐ.வி. என்ற ஒன்று அப்போது யாருக்கும் தெரியாது. அன்றைய நோயாளியின் உடம்பில் மேஸ்திரி இருந்தார். இரண்டு மாத்திரைகளுக்கு இடையில் விழும் இடைவெளியை உடம்பு பார்த்துக்கொண்டது. சி.டி.4 சரிந்த உடம்பால் அது முடியாது. இடைவெளியில் கிருமி தலைதூக்குகிறது. தலைதூக்குவதில் சில, ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்துக்கே அடங்காததாகத் தேறிவிடுகின்றன.

இந்த எச்சரிக்கை எப்போது வந்தது என்று பாருங்கள். சி.டி.4 மிகக் குறைந்த எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு வாரம் இரண்டு முறை மருந்து வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2002-இல் சொன்னது. எச்.ஐ.வி. உள்ள காசநோயாளிக்குத் தினமும் மருந்து கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இல் சொன்னது. நம் நாட்டில் அவர்களுக்குத் தினசரி மாத்திரை பரவலாக வந்தது 2016, 2017 வாக்கில். மற்ற காசநோயாளிகளுக்காக ஒரு மருத்துவர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போட வேண்டியிருந்தது. ஒன்பது மாதத்துக்குள் மாறுங்கள் என்று 2017 ஜனவரியில் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. முப்பது வருடம் அரசு ஃபைல் தள்ளியவன் நான். ஒரு ஃபைல் ஏழு வருடம் தூங்குகிறது என்றால், அதை எழுப்பக்கூடிய யாருக்கும் அதனால் நஷ்டம் இல்லை என்று அர்த்தம்.

தாமதத்துக்குச் சொன்ன காரணம் என்ன? தினமும் கண்ணெதிரே மாத்திரை கொடுக்க ஆள் இல்லை. வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் நோயாளி ஒழுங்காகச் சாப்பிட மாட்டார். கேட்கும்போது நியாயம் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் 2004 ஏப்ரலிலிருந்து இதே அரசு எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகக் கொடுத்து வருகிறது. தாம்பரம் ஆஸ்பத்திரி அதில் முதல் வரிசை. அந்த மருந்தை நோயாளி மாதத்துக்கு மொத்தமாகப் பையில் வாங்கிப்போய் வீட்டில் தினமும் சாப்பிடுகிறார். அடிக்கடி வேளை தவறினால் ஆபத்தான மருந்து அது. அதில் அவரை நம்பலாமாம். பக்கத்துக் கவுண்டரில் காசநோய் மாத்திரை வாங்கும்போது அதே மனிதரை நம்பக் கூடாதாம். வீட்டில் சாப்பிட்டாலும் குணமாகும் என்று 1959-இல் உலகத்துக்குச் சொன்ன ஊரில் இந்த வாதம்!

எங்கள் அலுவலக டிரைவர் ஒருவருக்கு 2011 வாக்கில் இரண்டு நோயும் இருந்தது. திங்கள், புதன், வெள்ளி காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். "செவ்வாய்க்கிழமை கிருமிக்கு லீவா சார்?" என்று ஒருமுறை என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். மறு வருடம் காலமானார். மாத்திரை முறையால்தான் இறந்தார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அப்போதே அச்சில் இருந்தது.

"நம் நாட்டில் பரிசோதித்துப் பார்க்காமல் எப்படி மாற்றுவது?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. பரிசோதித்தார்கள், அதே சேத்துப்பட்டு நிறுவனம்தான். 2009-இல் தொடங்கி எச்.ஐ.வி.யும் காசநோயும் உள்ள 331 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் மாத்திரை. இன்னொன்றுக்கு முதல் இரண்டு மாதம் தினமும், பிறகு வாரம் மூன்று நாள். மூன்றாவதுக்கு முழுக்க வாரம் மூன்று நாள். முடிவு 2018-இல் வெளியானது. தினமும் சாப்பிட்டவர்களில் நல்ல பலன் கண்டவர்கள் நூற்றுக்கு 91. வாரம் மூன்று நாள் சாப்பிட்டவர்களில் 77. ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமி நான்கு பேரிடம் புதிதாக உருவானது, நால்வரும் வாரம் மூன்று நாள் பிரிவினர். தினசரி மாத்திரையில் ஈரல் பாதிப்பு கூடுதல் என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். கண்காணிப்புக் குழு வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு ஆராய்ச்சியை நடுவிலேயே நிறுத்தச் சொன்னது.

ஆராய்ச்சிக்கு உள்ளே இருந்தவர்களுக்காகக் கவலைப்பட ஒரு குழு இருந்தது. கையெழுத்து வாங்கி, விளக்கம் சொல்லி, மாதாமாதம் பரிசோதித்தார்கள். வெளியே தேசியத் திட்டத்தில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் அந்த மூன்றாவது பிரிவில் இருந்தார்கள், அவர்களிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. ஏழைகளை வைத்துப் பரிசோதனை செய்கிறார்கள் என்று நாம் கூச்சல் போடுவது எப்போதும் ஆராய்ச்சிக்கூடத்தைப் பார்த்துத்தான். பரிசோதனை நடந்தது மருந்து கொடுக்கும் ஜன்னலில்.

தடுப்பு மாத்திரையிலும் இதே கதைதான். எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காசநோய் வருமுன் ஐசோநியாசிட் கொடுத்துத் தடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1998-இலேயே சொன்னது. நம் மக்களுக்கும் அது பொருந்தும் என்று 2012-இல் சேத்துப்பட்டுக்காரர்களே காட்டினார்கள். ஏ.ஆர்.டி. மையங்களில் பெரிய அளவில் கொடுக்கத் தொடங்க மேலும் நாலு வருடம் ஆனது. மாத்திரை விலை? சில காசுகள்.

இப்போது அந்தத் தொனிக்கு வருகிறேன். "அவங்களுக்கு" என்று சொல்லும் நம்மில் பாதிப்பேர் சர்க்கரை நோயாளிகள். சர்க்கரை இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. மூட்டு வாதத்துக்கு ஸ்டீராய்டு சாப்பிடுபவர், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், எல்லோருக்கும் எதிர்ப்பு சக்தி ஏதோ ஒரு விதத்தில் குறைவு. அப்படிப்பட்ட உடம்பில் கிருமி எப்படி நடந்துகொள்ளும் என்று மருத்துவர்களுக்கு இன்று தெரிந்திருப்பதில் பெரும் பங்கு அந்த "அவங்க" கொடுத்த ரத்தத்திலிருந்து வந்தது. 1986-இல் சென்னையில் ஒரு காப்பகத்துப் பெண்கள் கொடுத்த ரத்தத்தில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தெரியவந்தது. அதற்கு அவர்களுக்குக் கிடைத்தது ஏச்சுதான்.

சுகாதாரத் துறையிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. இப்படி ஒரு வழிகாட்டுதல் வந்தால், ஆறு மாதத்துக்குள் ஏற்றுக்கொண்டு உத்தரவு போடட்டும். ஏற்கவில்லை என்றால் ஏன் என்று ஒரு பக்கத்தில், தமிழில் எழுதி, அதிகாரியின் கையெழுத்தோடு ஏ.ஆர்.டி. மையத்து வாசலில் ஒட்டட்டும். வரிசையில் நிற்பவர் படித்துக்கொள்வார்.