பகிர்ந்தால் போதாது, பதிந்து வைக்க வேண்டும்

ஒரு வன்கொடுமை நடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் நம் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றுக்கும் செய்தி வந்துவிடுகிறது. படம் வருகிறது, வீடியோ வருகிறது, கண்டன அறிக்கை வருகிறது. மூன்றாம் நாள் கலெக்டர் அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டமும் நடக்கிறது. ஆனால் அறுபதாம் நாள் என்ன நடக்கிறது? குற்றப்பத்திரிகை போட்டார்களா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. எஃப்.ஐ.ஆர். எண் என்ன என்று கேட்டால், "மேலே தேடிப் பாருங்க தோழர்" என்கிறார்கள். மேலே தேடினால் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும்தான் கிடக்கிறது.

நம் பிள்ளைகள் கையில் இன்று இருக்கும் இலவசக் கருவிகள் கொஞ்சநஞ்சமல்ல. கூகுள் ஷீட், டாக்ஸ், ஃபார்ம், காலண்டர், ட்ரைவ், மீட் எல்லாமே ஒரு சாதாரண போனில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் இவற்றில் செய்தி பரப்பும் கருவியை மட்டும்தான் நாம் முழுமையாகப் பயன்படுத்துகிறோம். நினைவில் வைக்க உதவும் கருவிகள் சும்மா கிடக்கின்றன. சாதி வெறியர்களுக்கு நம் கோபத்தைப் பற்றிப் பெரிய கவலை இல்லை, அது ஒரு வாரத்தில் அடங்கிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். நாம் மறந்துவிடுவோம் என்பதில்தான் அவர்கள் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள்.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். அண்ணல் அம்பேத்கரின் 'மூக்நாயக்' 1920 ஜனவரி 31 அன்று வெளிவந்தது. அச்சுக்கூடமும் காகிதமும் காசும் அவர்களுக்கு எளிதாகக் கிடைத்துவிடவில்லை. அப்படி இருந்தும் நடந்ததை எழுதி, தேதி போட்டு, அடுத்த தலைமுறைக்கு விட்டுச் சென்றார்கள். அவர்கள் எழுதி வைத்ததால்தான் இன்று நமக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். 1989ஆம் ஆண்டுச் சட்டமும் 1995ஆம் ஆண்டு விதிகளும் தேதிகளால் ஆனவை. டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரித்து 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். உடனடி நிவாரணம் ஏழு நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து, கூடியவரை, இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். கலெக்டர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கடமையை வேண்டுமென்றே செய்யாத, பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராத அரசு ஊழியர் மீதே வழக்குப் போட நான்காவது பிரிவு வழி சொல்கிறது. இவ்வளவும் ஏட்டில் இருக்கிறது. ஏழாம் நாள் முடிந்துவிட்டது என்று அதிகாரியிடம் போய்ச் சொல்லும் ஆள் இல்லையென்றால், ஏட்டில் மட்டுமே இருக்கும்.

அந்த வேலையை ஒரு கூகுள் ஷீட் செய்துவிடும். ஒரு வழக்குக்கு ஒரு வரி. சம்பவ தேதி, காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். எண், பதிவான தேதி, பிரிவுகள், விசாரணை அதிகாரி, நிவாரணம் எவ்வளவு வந்தது, எப்போது வந்தது, நீதிமன்றத்தின் சி.என்.ஆர். எண், அடுத்த வாய்தா. இத்தனை கட்டங்கள் போதும். எஃப்.ஐ.ஆர். தேதியோடு 7ஐக் கூட்டினால் நிவாரணக் கெடு, 60ஐக் கூட்டினால் குற்றப்பத்திரிகைக் கெடு. ஷீட்டே கணக்குப் போட்டுக் காட்டும், கெடு தாண்டிய வரியைச் சிவப்பாக்கவும் சொல்லலாம். அந்தத் தேதிகளைக் கூகுள் காலண்டரில் ஏற்றி, பொறுப்பாளர்கள் நான்கு பேருக்கும் பகிர்ந்து, ஒவ்வொருவரும் தம் போனில் நினைவூட்டலை அமைத்துக்கொண்டால் நான்கு போனும் முந்தின நாளே ஒலிக்கும். சி.என்.ஆர். எண் இருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா எப்போது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதற்கும் காசு இல்லை.

வாய்தா தேதி தெரிவதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். நம் சாட்சிகள் யார்? திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பவர், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர், நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா. எதிர்த்தரப்புக்கு வக்கீலும் குமாஸ்தாவும் இருக்கிறார்கள், வாய்தா வாங்கிக்கொண்டே போகத் தெம்பும் இருக்கிறது. நம் சாட்சிக்கு நாளை கோர்ட் என்று இன்று இரவு தெரிந்தால் அவர் எப்படி வருவார்? இரண்டு முறை வராமல் போனால் பிடிவாரண்ட் வருகிறது. மூன்றாவது முறைக்குள் ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேச வந்துவிடுகிறார்கள். சாட்சி பிறழ்வதற்கு மிரட்டலும் பணமும் மட்டும் காரணமில்லை, தனித்து விடப்பட்டதும் ஒரு காரணம். பத்து நாள் முன்பே போன் செய்து, பயணப்படி கேட்க விதிகளில் உரிமை இருக்கிறது என்று சொல்லி, கூடவே ஒருவர் போய் வந்தால் பல வழக்குகளின் போக்கு மாறும். ஜாமீன் மனு உட்பட எந்த நடவடிக்கையானாலும் முன்கூட்டியே தகவல் பெறவும், தன் பக்கத்தைச் சொல்லவும் பாதிக்கப்பட்டவருக்கு 15ஏ பிரிவு உரிமை தருகிறது. அந்த உரிமை எந்த வழக்கில் மீறப்பட்டது என்பதும் அந்த ஷீட்டில் ஒரு கட்டமாக ஏற வேண்டும்.

அடுத்தது ஆதாரம். சம்பவ இடத்தில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். எந்த நாளில், எந்த நேரத்தில், எங்கே எடுத்தது என்ற விவரமும் படத்திலிருந்து போய்விடும். அதையே டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். மூலக் கோப்பை எடுத்த போனிலேயே அழிக்காமல் வைத்து, ஒரு பிரதியை அன்றைக்கே ட்ரைவில் ஏற்றுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவு மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. யார் எடுத்தது, எந்தக் கருவியில் எடுத்தது என்று சொல்ல ஆள் வேண்டும். நூறு குழுக்களைச் சுற்றி வந்த ஒரு வீடியோவுக்கு யார் சான்றிதழ் தருவார்? யூடியூபில் பாட்டுப் போட்டு வெட்டிய வீடியோ ஊரைக் கொதிக்க வைக்கலாம், கோர்ட்டில் நிற்பது மூலக் கோப்புதான்.

மனு எழுதுவதிலும் இதே கதைதான். ஒவ்வொரு முறையும் புதிதாக உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. தகவல் உரிமை மனு, மேல்முறையீடு, நிவாரணம் கேட்கும் மனு, பாதை மறுப்பு, சுடுகாட்டுப் பிரச்சினை, கல்வி உதவித்தொகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரியை டாக்ஸில் போட்டு வையுங்கள். பெயரும் தேதியும் மாற்றினால் மனு தயார். 30 நாளில் தகவல் வராவிட்டால் மேல்முறையீடு என்பதையும் காலண்டரே நினைவூட்டும். தட்டச்சு தெரியாத பெரியவர்கள் போனில் தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடுகிறது. நாற்பது வருடமாகத் தெரு வேலை பார்த்த அய்யாக்களிடமும் அம்மாக்களிடமும் இருக்கும் விவரங்களை இப்படி எழுத்தாக்குவது, இந்தத் தலைமுறை மாணவர்கள் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை.

இனி எச்சரிக்கைகள். இலவசம் என்றாலும் இந்தக் கருவிகள் நம்முடையவை இல்லை. அவற்றை நடத்தும் நிறுவனங்களுக்கு நம் விடுதலையில் அக்கறை இல்லை, நம் தகவலில்தான் அக்கறை. கூகுள் தருவது 15 ஜிபி. அது நிறைந்தால் மெயிலும் சேர்ந்து நின்றுவிடும். இரண்டு வருடம் தொடாத கணக்கை அழிக்கும் உரிமையையும் அந்த நிறுவனம் வைத்திருக்கிறது. ஆகவே மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதியும், முக்கியமான தாள்களை அச்செடுத்து ஃபைலில் ஒரு பிரதியும் வைக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவர்களின் பெயரும் முகவரியும் உள்ள ஷீட்டை "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று திறந்து வைப்பது, எதிரியின் கையில் சாட்சிப் பட்டியலைக் கொடுப்பதற்குச் சமம். நாலைந்து பேரின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். பாலியல் வன்முறை வழக்குகளில் பெண்ணின் பெயரையோ படத்தையோ, அடையாளம் தெரியும்படி அவர் ஊரையோ குடும்பத்தையோ வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவின்படி குற்றம். நீதி கேட்கும் போஸ்டரில் அவர் படத்தைப் போடுபவர்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? லேப்டாப் வைத்திருக்கும் ஒரு இளைஞரிடம் மட்டும் இருந்தால், இயக்கத்தின் நினைவு முழுவதும் அவர் பையில் இருக்கிறது. அவர் வேலை கிடைத்து ஊர் மாறினாலோ, கோபித்துக்கொண்டு வெளியேறினாலோ எல்லாம் போயிற்று. குறைந்தது மூன்று பேரிடம் அது இருக்க வேண்டும், அதில் இருவராவது பெண்களாக இருக்க வேண்டும். கூட்டத்துக்கு ஆள் திரட்டுவது, பாதிக்கப்பட்ட வீட்டில் உட்கார்ந்து ஆறுதல் சொல்வது, கோர்ட்டுக்குக் கூடப் போவது எல்லாம் பெண்கள். அட்மின் மட்டும் ஆண். இது நம் குழுக்களுக்குள்ளேயே நடக்கும் ஏற்றத்தாழ்வு, கருவியின் மேல் பழிபோட முடியாது.

ஷீட் போட்டால் சாதி ஒழியுமா என்று மூத்த தோழர்கள் சிலர் சிரிக்கிறார்கள். ஒழியாது. தெருவில் இறங்காமல் எந்த எஃப்.ஐ.ஆரும் பதிவாவதில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் தெருவில் இறங்கி வாங்கிய எஃப்.ஐ.ஆரை, தேதி பார்க்க ஆளில்லாமல் கோர்ட்டில் தோற்கக் கொடுப்பது எந்த வகைப் போராட்டம்? மாவட்டக் கண்காணிப்புக் குழுக் கூட்டத்தில் "நிறைய வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன" என்று சொன்னால் அதிகாரிகள் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். எந்தக் காவல் நிலையத்தில், எந்த எண்ணில், எத்தனை நாள் தாமதம் என்று இரண்டு பக்கம் அச்செடுத்து மேசையில் வைத்தால் பதில் சொல்லியாக வேண்டும், அது கூட்டக் குறிப்பிலும் ஏற வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஒன்றியத்தில் நான்கு பேர் உட்காருங்கள். கடந்த மூன்று வருடத்தில் உங்களுக்குத் தெரிந்து பதிவான வழக்குகளை மட்டும் எடுங்கள். பத்து இருந்தால் பத்து வரி. எஃப்.ஐ.ஆர். நகல் இல்லாத வீடுகளுக்குப் போய்க் கேளுங்கள், கிடைக்காத கட்டத்தை வெறுமையாக விடுங்கள். எந்தக் கட்டம் எல்லா வரியிலும் வெறுமையாக இருக்கிறதோ, அங்கிருந்து உங்கள் அடுத்த மனுவைத் தொடங்குங்கள்.

ஜெய் பீம்!