சட்டம் இருக்கு, சிறப்பாசிரியர் எங்கே?



ஒவ்வொரு ஜூன் மாசமும் பள்ளி திறக்கிறப்போ, மாற்றுத்திறனாளிக் குழந்தையோட போய் நிற்கிற பெற்றோர் பலருக்குக் கிடைக்கிற பதில் ஒண்ணு உண்டு. "உங்க பிள்ளையப் பாத்துக்க எங்ககிட்ட ஆளில்லைங்க. வேற ஸ்கூல் பாருங்களேன்." மரியாதையாத்தான் சொல்லுவாங்க. ஆனா, அரசு நிதி பெறுகிற பள்ளியோ அங்கீகாரம் பெற்ற பள்ளியோ மாற்றுத்திறனைக் காரணம் காட்டி ஒரு குழந்தையைச் சேர்க்க மறுத்தால் அது சட்ட மீறல். இந்தச் சட்டம் எப்படி வந்தது, வந்த பிறகும் அந்த "ஆள்" ஏன் வரவில்லை என்பதை நாம தெரிஞ்சுக்கணும்.

இந்தியாவில் பார்வையற்ற குழந்தைகளுக்கான முதல் பள்ளி 1887-ல் அமிர்தசரஸில் தொடங்கியது. அடுத்த மூன்றே ஆண்டில், 1890-ல், நம்ம பாளையங்கோட்டையில் ஒன்று. 1897-ல் அதே ஊரில் காது கேளாத குழந்தைகளுக்கும் ஒரு பள்ளி. இவற்றை எல்லாம் நடத்தியவர்கள் மிஷனரிகள். அரசாங்கத்துக்கு இது தன் வேலை என்ற எண்ணமே அப்போது இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் நிலைமை பெரிசா மாறலை. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்வியைப் பொதுக் கல்வியிலிருந்து பிரிக்கக் கூடாது என்று 1964-66 கோத்தாரி ஆணையம் சொன்னது. அந்தக் குழந்தைகளைப் பொதுப் பள்ளியில் சேர்த்துப் படிக்கவைக்க 1974-ல் ஒன்றிய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதை எந்தத் துறையிடம் கொடுத்தார்கள் தெரியுமா? சமூக நலத்துறையிடம்! கல்வித் துறை கைக்கு அது வர 1982 ஆனது. படிப்பு என்பது சலுகைக் கணக்கில் இருந்த காலம் அது.

உரிமை என்ற சொல் சட்டத்தில் ஏறியது 1995-ல். ஜாவேத் அபிடி போன்ற மாற்றுத்திறனாளித் தலைவர்களும் அமைப்புகளும் தில்லி வீதியில் இறங்கிப் போராடிய பிறகுதான் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. 18 வயது வரை இலவசக் கல்வி என்று அது சொன்னது. ஆனால் பட்டியலில் இருந்தவை 7 வகைக் குறைபாடுகள் மட்டுமே. ஆட்டிசம் இல்லை. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் இல்லை.

2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் என்ற அந்தப் புகழ்பெற்ற பிரிவில், "பின்தங்கிய பிரிவுக் குழந்தை" என்ற விளக்கத்துக்குள் மாற்றுத்திறனாளிக் குழந்தை வரவே இல்லை. மறுபடியும் போராட்டம், மறுபடியும் மனு. 2012 திருத்தத்தில்தான் சேர்த்தார்கள்.

2006-ல் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை வந்தது. 2007-ல் இந்தியா அதை ஏற்றது. அதற்கேற்ற சட்டம் வர இன்னும் 9 ஆண்டு ஆனது. 2016 சட்டத்தில் குறைபாடுகளின் பட்டியல் 7-லிருந்து 21 ஆனது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளே வந்தன. பிரிவு 16 பள்ளிகளின் கடமையைச் சொல்கிறது: பாகுபாடின்றிச் சேர்க்கணும், கட்டடமும் கழிப்பறையும் பயன்படுத்தும்படி இருக்கணும், ஒவ்வொரு குழந்தைக்கும் தேவையான உதவி கிடைக்கணும். பிரிவு 17 அரசின் கடமையைச் சொல்கிறது: சைகை மொழியும் பிரெய்லும் தெரிந்த ஆசிரியர்களை நியமிக்கணும்.

சரி, நியமிச்சாங்களா?

அதற்காகவும் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதம் அதில் வந்தது. மூன்றரை ஆண்டு கழித்து, 2025 மார்ச்சில், அதே நீதிமன்றம் திரும்பிப் பார்த்தால், பல மாநிலங்கள் பணியிடங்களைக்கூட உருவாக்கவில்லை! மூன்று வாரத்தில் அறிவிக்கச் சொல்லி மறுபடியும் உத்தரவு போட வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் என்ன நிலைமை? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வேலை செய்யும் சிறப்பாசிரியர்கள் ஆண்டுக்கணக்கா தொகுப்பூதியத்தில்தான் இருக்காங்க. வட்டார வள மையத்திலிருந்து கிளம்பி ஒருத்தரே பல பள்ளிகளைச் சுத்தி வரணும். திங்கட்கிழமை பார்த்த குழந்தையை மறுபடி எப்போ பார்ப்பார்? மீதி நாளெல்லாம் அந்தக் குழந்தை கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கும். வருகைப் பதிவேட்டில் மட்டும் "உள்ளடக்கிய கல்வி" நடந்துகொண்டிருக்கும்.

இந்தத் திட்டத்துக்கு 60 பங்கு ஒன்றிய அரசும் 40 பங்கு மாநில அரசும் தரணும். பிஎம் ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடலை என்று சொல்லி 2024-25-க்கான பணத்தை ஒன்றிய அரசு நிறுத்தியது. 2,151 கோடி ரூபாயைக் கேட்டுத் தமிழ்நாடு அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. அரசியல் நெருக்கடி கொடுக்க ஆயிரம் வழி இருக்கலாம். பேச்சுப் பயிற்சிக்குக் காத்திருக்கும் குழந்தையின் வயித்துல அடிச்சா அது நடக்கணும்?

"நிதி இல்லை" என்ற சாக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படுவதுதான். 1972-ல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலும் பள்ளி நிர்வாகம் இதையே சொன்னது. பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஏழு கறுப்பினக் குழந்தைகளின் பெயரில் நடந்த அந்த மில்ஸ் வழக்கில் நீதிமன்றம் சொன்ன பதில் முக்கியமானது: பணம் போதவில்லை என்றால் இருப்பதை நியாயமாகப் பங்கிடு, பற்றாக்குறையின் சுமையை இந்தக் குழந்தைகள் தலையில் மட்டும் ஏற்றாதே. மூன்றே ஆண்டில் அங்கே நாடு தழுவிய சட்டம் வந்தது. கூடுதல் செலவில் 40 சதவீதம் தருவதாக அந்தச் சட்டத்தில் ஒப்புக்கொண்ட அமெரிக்க அரசு, இன்று வரை அதை முழுசாகக் கொடுத்ததில்லை என்பதும் நமக்குப் பாடம்தான். சட்டம் வந்த பிறகும் பணத்துக்குத் தனியாகப் போராடித்தான் ஆகணும்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை.

ஒன்று: ஒன்றிய அரசு, கல்வி நிதியை வேறெந்தத் திட்டத்தோடும் முடிச்சுப் போடாமல் முழுமையாகத் தரணும்.

இரண்டு: மாநில அரசு, உச்ச நீதிமன்றம் சொன்ன விகிதப்படி சிறப்பாசிரியர் பணியிடங்களை நிரந்தரமாக உருவாக்கணும். ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கும் தகுதியுள்ளவர்களைக் காலமுறை ஊதியத்தில் கொண்டுவரணும். ஒன்றிய அரசு பணம் தரலை என்பது உண்மை; அதைச் சொல்லி மாநில அரசு தன் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

மூன்று: ஒவ்வொரு பள்ளியிலும் சாய்தளமும் பயன்படுத்தத் தக்க கழிப்பறையும் இருக்கா என்று பள்ளி மேலாண்மைக் குழு ஆய்வு செய்து பொதுவில் வெளியிடணும்.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்க பகுதியில் எந்தப் பள்ளியாவது இப்படி ஒரு குழந்தையைச் சேர்க்க மறுத்தால், பெற்றோரைத் தனியா அலையவிடாதீங்க. கூடப் போங்க. மறுப்பை எழுத்தில் கேளுங்க. எழுதித் தர யோசிப்பாங்க, பாதி பிரச்சினை அங்கேயே தீரும். தீரலைன்னா மாவட்டக் கல்வி அலுவலரிடமும், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் மனு கொடுங்க. 2016 சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவை 5 லட்சம் வரை அபராதம் இருக்கு என்பதையும் நினைவுபடுத்துங்க.

1995-ம் சும்மா வரலை, 2012-ம் சும்மா வரலை, 2016-ம் சும்மா வரலை. வகுப்பறைக்குள் ஆசிரியரும் சும்மா வந்துவிட மாட்டார். கேட்போம், சேர்ந்து கேட்போம்.

#சிறப்பாசிரியர்_எங்கே
#கல்வி_எங்கள்_உரிமை