முதலில் பணிமூப்பு, பிறகு இணைப்பு

நாட்டுக்குள் இன்னும் வந்தே சேராத ஒரு விமானத்துக்காக, 2012ஆம் ஆண்டில் ஏர் இந்தியாவின் ஒரு பிரிவு விமானிகள் 58 நாட்கள் வேலைக்கு வரவில்லை. வரவிருந்த போயிங் 787 ட்ரீம்லைனரை ஓட்டும் பயிற்சிக்குப் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளையும் அனுப்ப நிர்வாகம் முடிவெடுத்ததுதான் அவர்களுடைய முதல் கோபம். நூறு பேர் அளவில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வெளிநாட்டுச் சேவைகள் வெட்டப்பட்டன. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், ஜூலை முதல் வாரத்தில்தான் போராட்டம் முடிவுக்கு வந்தது. முதல் ட்ரீம்லைனர் டெல்லியில் தரையிறங்கியது செப்டம்பரில்.

லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இன்னும் என்ன குறை என்று அன்று பலரும் கேட்டார்கள். கோடை விடுமுறையில் பயணிகளைத் தவிக்கவிட்ட அந்தப் போராட்டத்தை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால், அதன் வேர் 2007இல் இருக்கிறது. ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஒரே நிறுவனமாக்க மத்திய அரசு முடிவெடுத்தபோது பெயர், சின்னம், கடன், கட்டடம் எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். இரு நிறுவன விமானிகளும் ஒரே பட்டியலில் எந்த வரிசையில் நிற்பார்கள் என்பதை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு நிறுவனத்தில் பெரும்பாலும் ஏர்பஸ் விமானங்கள், உள்நாட்டுத் தடங்கள், குறுகிய பயணங்கள். அங்கே துணை விமானி கமாண்டர் ஆவது விரைவில் நடந்தது. மற்றதில் போயிங், கண்டம் தாண்டும் பயணங்கள், கமாண்டர் பதவிக்கு நீண்ட காத்திருப்பு. முதல் தரப்புக்குச் சம்பளத்தில் குறை, இரண்டாம் தரப்புக்குப் பதவி உயர்வில் குறை. 2011 ஏப்ரல், மே மாதங்களில் இந்தியன் ஏர்லைன்ஸ் தரப்பு சம்பளச் சமத்துவம் கேட்டுப் பத்து நாட்கள் வேலைநிறுத்தம் செய்தது. மறு ஆண்டு மறு தரப்பின் முறை வந்தது. இந்த முடிச்சை அவிழ்க்க நீதிபதி தர்மாதிகாரி குழுவை அரசு அமைத்ததே 2011இல்தான். அதாவது இணைப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து.

அரசு அலுவலகங்களில் பணிமூப்புப் பட்டியலுக்காக நீதிமன்றப் படி ஏறாத துறை ஒன்றைச் சொல்வது கடினம். அங்கே பணிமூப்பு என்றால் பதவி உயர்வு. விமானிக்கோ அது ஏறக்குறைய முழு வாழ்க்கை. எந்த ஊரைத் தளமாகக் கொள்வது, எந்த ரக விமானத்துக்குப் போவது, இடது இருக்கைக்கு, அதாவது கமாண்டர் இருக்கைக்கு, எப்போது மாறுவது, தீபாவளிக்கு யாருக்கு விடுப்பு, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே என்பவற்றைப் பெரும்பாலான பெரிய விமான நிறுவனங்களில் அந்த ஒரு வரிசை எண்தான் தீர்மானிக்கிறது. பறக்கும் மணிநேரத்தைப் பொறுத்தே வருமானத்தில் பெரும்பகுதி அமைவதால், எண் பின்னுக்குப் போனால் சம்பளமும் பின்னுக்குப் போகும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்த எண்ணை எடுத்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போக முடியாது. 2012இல் கிங்ஃபிஷரும் 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் பறப்பதை நிறுத்தியபோது, பல்லாண்டு அனுபவமுள்ள விமானிகள் வேறு நிறுவனங்களில் சேர்ந்தார்கள். உரிமத்தில் பறந்த மணிநேரங்கள் அப்படியே இருந்தன. பட்டியலில் அவர்கள் புதியவர்கள். நிறுவனம் மூழ்கினால் இப்படி நடக்கும் என்பதை விமானிகள் ஓரளவு ஏற்றுக்கொள்கிறார்கள். நல்ல நிலையில் ஓடும் நிறுவனத்தைத் தாய் நிறுவனம் இன்னொன்றோடு சேர்க்கும்போதும் அதே விதி தலையில் விழுமா என்பதுதான் கேள்வி.

இரண்டு பட்டியல்களை ஒன்றாக்க அடிப்படையில் இரண்டு வழிகள். பணியில் சேர்ந்த தேதியை வைத்து அடுக்கலாம். அல்லது இப்போது வகிக்கும் பதவி, ஓட்டும் விமான ரகம் ஆகியவற்றை வைத்து விகிதாசாரமாகக் கோக்கலாம். 2015இல் பறக்கத் தொடங்கிய, வேகமாக வளர்ந்த ஒரு நிறுவனத்தில் சேர்ந்தவர் சில ஆண்டுகளில் கமாண்டர் ஆகியிருப்பார். பழைய நிறுவனத்தில் அவருக்கு ஏழெட்டு ஆண்டுகள் முன்னால் சேர்ந்தவர் பெரிய விமானத்தில் இன்னும் துணை விமானியாகவே இருக்கக்கூடும். தேதியை வைத்தால் முன்னவருக்கு அநீதி, பதவியை வைத்தால் பின்னவருக்கு. இதில் கையை வைக்கும் யாரும் யாரோ ஒருவருடைய சாபத்தை வாங்கித்தான் ஆக வேண்டும். நிர்வாகங்கள் தள்ளிப்போடுவதற்குக் காரணம் புரிகிறது. தள்ளிப்போடுவதன் விலை என்னவென்று அமெரிக்காவைப் பார்த்தால் தெரியும்.

2005இல் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தன. முன்னது மூத்த நிறுவனம். திவால் நடவடிக்கைகளில் அடிபட்டு, நீண்ட சேவை கொண்டவர்களையே கட்டாய விடுப்பில் அனுப்பியிருந்தது. பின்னது இளையது. நடுவர் ஜார்ஜ் நிக்கோலாவ் 2007 மே மாதம் தீர்ப்பளித்தார். பட்டியலின் உச்சியில் யுஎஸ் ஏர்வேஸின் மூத்தவர்கள் சுமார் 500 பேருக்கு இடம் கிடைத்தது. கீழே நிலைமை வேறு: 17 ஆண்டு சேவை செய்த ஒருவர், சில மாதங்களுக்கு முன் மறுபக்கத்தில் சேர்ந்தவருக்கு அடுத்த இடத்தில் வைக்கப்பட்டார். எண்ணிக்கையில் அதிகமாக இருந்த யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள் 2008இல் பழைய சங்கத்தையே வாக்களித்து அகற்றிவிட்டு, சேர்ந்த தேதிதான் அளவுகோல் என்று சொல்லும் புதுச் சங்கத்தை அமைத்தார்கள். வழக்குகள் 2015 வரை நீண்டன. ஒரே பெயரில், ஒரே வண்ணத்தில் பறந்த நிறுவனத்துக்குள் இரண்டு விமானிக் கூட்டங்கள் கலக்காமலே வேலை செய்தன. பொது ஒப்பந்தம் இல்லாததால் யுஎஸ் ஏர்வேஸ் தரப்பினர் திவால் காலத்துச் சம்பளத்திலேயே ஆண்டுக்கணக்கில் தேங்கினார்கள். 2009 ஜனவரியில் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரைக் காத்த கேப்டன் சல்லன்பெர்கர் அந்தத் தரப்பைச் சேர்ந்தவர்தான். உலகமே அவரைப் பாராட்டிக்கொண்டிருந்த அடுத்த மாதத்தில், தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதை அவர் நாடாளுமன்றக் குழு முன் சொன்னார்.

அதற்கும் முந்தியது டிடபிள்யூஏ கதை. 2001இல் அந்த நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியது. டிடபிள்யூஏ விமானிகளில் பெரும்பகுதியினரும், விமானப் பணியாளர்கள் அனைவரும் அமெரிக்கன் பட்டியலின் அடியில் ஒட்டப்பட்டார்கள். சில மாதங்களில் செப்டம்பர் 11 தாக்குதல். ஆட்குறைப்பு கீழிருந்துதானே தொடங்கும். 2003 நடுவில், டிடபிள்யூஏவிலிருந்து வந்த விமானப் பணியாளர் ஒருவர்கூட வேலையில் இல்லை. அந்த நிறுவனத்தின் முக்கியத் தளமான செயின்ட் லூயிஸ், மிசௌரி மாநிலத்து ஊர். அம்மாநிலத்தின் இரு செனட்டர்கள், ஜனநாயகக் கட்சியின் மெக்காஸ்கிலும் குடியரசுக் கட்சியின் பாண்டும் சேர்ந்து கொண்டுவந்த திருத்தம் 2007 டிசம்பரில் சட்டமானது. இணையும் நிறுவனங்களின் பணிமூப்புப் பட்டியல்கள் நியாயமான முறையில் ஒருங்கிணைக்கப்பட வேண்டும், உடன்பாடு எட்டாவிட்டால் நடுவரிடம் போக வேண்டும். சட்டத்தின் சாரம் இவ்வளவுதான். டெல்டாவும் நார்த்வெஸ்டும் 2008 அக்டோபரில் இணைந்தபோது விமானிகளுக்கான பொது ஒப்பந்தம் முன்பே தயாராக இருந்தது. வரிசைப் பட்டியலை நடுவர் குழு அந்த ஆண்டு டிசம்பரிலேயே முடித்துக் கொடுத்துவிட்டது. எல்லோருக்கும் திருப்தி இல்லைதான். ஆனால், விமானங்கள் பறந்தன.

இங்கே என்ன நடக்கிறது? 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா குழுமத்திடம் வந்தது. ஏஐஎக்ஸ் கனெக்ட், அதாவது பழைய ஏர்ஏசியா இந்தியா, 2024 அக்டோபர் 1 அன்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுடன் இணைந்தது. விஸ்தாரா, நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவுடன் இணைந்தது. இந்தியப் போட்டி ஆணையம் பார்த்தது, தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் பார்த்தது, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ பார்த்தது. பயணிகளின் கட்டணம், பங்குதாரர் உரிமை, கடன் கொடுத்தவர் பணம், பறப்புப் பாதுகாப்பு என ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் இருந்தது. பணிமூப்புக்கென்று ஒரு வாசலும் இல்லை. தொழில் தகராறு சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவு, நிறுவனம் கைமாறும்போது தொழிலாளரின் பணித்தொடர்ச்சிக்குப் பாதுகாப்பு தந்தது உண்மை. விமானி அந்தச் சட்டப்படி தொழிலாளரா என்பதே வழக்காக இருந்தது. போதாததற்கு, இரண்டு பட்டியலில் யார் முன்னால் என்பது பற்றி அந்தப் பிரிவு வாய் திறக்கவில்லை.

விளைவு இணைப்பு முடிவதற்கு முன்பே தெரிந்தது. விஸ்தாரா விமானிகளுக்கு உறுதியளிக்கப்பட்ட மாத ஊதிய அளவு 70 மணிநேரப் பறப்பிலிருந்து 40ஆகக் குறையும் என்று புதிய ஒப்பந்தம் வந்தது. 2024 ஏப்ரலில் பலர் ஒரே நேரத்தில் உடல்நலமில்லை என்று விடுப்பெடுக்க, நிறுவனம் தினமும் 25 முதல் 30 சேவைகளைக் குறைத்தது. திருமணத்துக்கும் தேர்வுக்கும் போக வேண்டியவர்கள் விமான நிலையங்களில் காத்துக்கிடந்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் விமானிக்குப் புதிய பட்டியலில் தன் இடம் எது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அவ்வளவு பெரிய கோரிக்கையா?

நம் நாட்டுக்கே உரிய ஒரு முரணையும் இங்கே சொல்ல வேண்டும். டிஜிசிஏ விதிப்படி ஒரு கமாண்டர் வேலையை விட வேண்டுமென்றால் ஓராண்டு முன்னறிவிப்பு தர வேண்டும். துணை விமானி ஆறு மாதம். வேறு எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு தளை இல்லை என்றே சொல்லலாம். திடீரென விமானிகள் விலகினால் சேவை ரத்தாகும், பயணிகள் பாதிக்கப்படுவார்கள் என்று பொதுநலனைக் காரணம் காட்டி இயற்றிய விதி இது. அந்த வாதத்தை ஏற்றுக்கொள்வோம். விமானி போக நினைத்தால் தடுக்கும் அளவுக்குப் பொதுநலன் பெரிதென்றால், அவர் காலடியிலிருக்கும் பட்டியலை நிறுவனம் மாற்றும்போதும் அதே பொதுநலன் விழித்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தைக் கட்டிப்போட்டு மறுபக்கத்தை அவிழ்த்துவிடுவது ஒழுங்குமுறை ஆகாது.

டிஜிசிஏவும் விமானப் போக்குவரத்து அமைச்சகமும் செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. இணைப்புக்கான இறுதி அனுமதிக்கு முன், விமானிகள், பணியாளர்கள், பொறியாளர்களின் ஒருங்கிணைந்த பணிமூப்பு விதியை எழுத்தில் சமர்ப்பிக்க வேண்டும் என்று ஆணையிடலாம். எந்த அளவுகோல் சரி என்பதை அரசு சொல்ல வேண்டாம். அது இரு தரப்பும் பேசித் தீர்க்க வேண்டியது. குறித்த மாதங்களுக்குள் தீராவிட்டால் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் நடுவர் குழு, அதன் முடிவு இறுதியானது. இளையவர் பெரிய விமானத்துக்குப் போவதைச் சில ஆண்டுகளுக்கு மட்டும் நிறுத்திவைக்கும் தற்காலிக ஏற்பாடுகளை அந்தக் குழு பரிசீலிக்கலாம். அமெரிக்கப் பட்டியல்கள் பலவற்றில் அத்தகைய வேலிகள் உண்டு.

திறமையைப் பார்க்காமல் வருடத்தை எண்ணுவது பழைய காலத்துச் சங்கப் போக்கு என்று நிர்வாகங்கள் சொல்லும். திறமையைச் சோதிக்க சிம்முலேட்டரும் பரிசோதகரும் இருக்கிறார்கள்; அதில் தேறாதவர் எத்தனை மூத்தவரானாலும் இடது இருக்கையில் உட்கார முடியாது. தேறியவர்களுக்குள் யார் முதலில் என்பதற்குத்தான் வரிசை. அதை அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டால், களைப்பைக் காரணம் சொல்லிப் பறக்க மறுக்கும் விமானிக்குப் பதவி உயர்வு தள்ளிப்போகும் என்ற அச்சம் வரும். அந்த அச்சம் விமானி அறைக்குள் வருவதைப் பயணிகள் யாரும் விரும்பமாட்டார்கள்.

இந்த விதி இணைப்பு என்ற சொல்லோடு நின்றுவிடக் கூடாது. ஒரே குழுமத்துக்குச் சொந்தமான இரண்டு நிறுவனங்களுக்கிடையே விமானங்களை மாற்றிக்கொள்ள எந்தத் தீர்ப்பாயத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. பத்து ஏர்பஸ் விமானங்கள் முழுச் சேவை நிறுவனத்திலிருந்து மலிவுக் கட்டண நிறுவனத்துக்குப் போனால், அவற்றை ஓட்டியவர்கள் பின்னாலேயே போய்ப் புதுப் பட்டியலில் கடைசியில் நிற்பதா, அல்லது இருந்த இடத்திலேயே வேறு ரகத்துக்குப் பயிற்சி பெற்று, அதுவரை பறக்காமல் வருமானம் இழப்பதா? ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்ததாக அறிவித்தது. அவற்றோடு சில ஆயிரம் கமாண்டர், துணை விமானி இடங்களும் வரும். எந்த விமானம் எந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகிறது என்பதைப் பொறுத்தே அந்த இடங்கள் யாருக்கென்று முடிவாகும். ஆகவே, ஒரு குழுமம் தன் நிறுவனங்களுக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் விமானங்களை மாற்றும்போதும் இதே விதி தானாக அமலுக்கு வரும்படி டிஜிசிஏ எழுத வேண்டும்.